ஓடாத காருக்கு விலை அதிகம்

1

"அந்த வீட்டின் விலையைக் கெடுத்துப்போட்டீங்களே" என்று கல்முனைக்குடியிலிருந்து ஒரு வருடமாக எனக்குத் தொலைபேசி எடுக்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஓம், கெடுத்தேன். கைதவறி நடந்ததல்ல, தெரிந்துதான் கெடுத்தேன். விலை எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக இங்கிலாந்தில் என் பிழைப்பு. ஆகவே எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் தங்கச்சி றிஸ்மியா அந்த வீட்டுக்குள் குடியேறி நேற்றோடு ஒரு வருடம். நேற்று மட்டும் மூன்று அழைப்புகள். ஒருவர் காணித் தரகர், மற்ற இருவரும் சொந்தக்காரர். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று ஒருவராவது கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்பார்கள். ஆறவிட்டு எழுதினால் பூசி மெழுகிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. லண்டனில் கார் கொம்பனி வைத்திருக்கிறேன் என்கிறவர்களும் உண்டு, கார் கழுவுகிறேன் என்கிறவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. லண்டனிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், முன்பு மரக்கறி அடுக்கிவைத்த ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது. அதில் பணக்காரர்களின் பந்தயக் கார்போன்ற கார்கள், சூப்பர் கார் என்று நம் பிள்ளைகள் தொலைபேசியில் படம் பார்க்கிறார்களே அவை, துணி போர்த்தி நிற்கின்றன. பற்றரிக்கு மின்சாரம் போகிறதா, அறையில் ஈரம் கூடிவிட்டதா, டயரில் காற்றுச் சரியா என்று பார்ப்பது என் வேலை. ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகாமல் மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் ஒரு சாண் முன்னுக்குத் தள்ளிவைப்பேன். இவற்றுள் சில கார்கள் தம் வாழ்நாளில் போன தூரத்தில் பாதி நான் தள்ளிய தூரம்தான். இதைச் சொல்லி என் மகள் ஸஹ்ராவைச் சிறுவயதில் நிறையச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

2

சாதாரணக் கார், கடை வாசலைத் தாண்டியதும் விலை விழும். இந்தக் கார்களில் சில, வாசலைத் தாண்டியதும் விலை ஏறும். எஞ்சின் நன்றாக இருப்பதால் அல்ல, நல்ல எஞ்சின் நிறையக் காருக்கு உண்டு. செய்கிற கொம்பனி, இத்தனைதான் செய்வோம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடும். கேட்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள். கையில் காசு இருப்பது மட்டும் போதாது. முன்பும் அவர்களிடம் வாங்கியிருக்க வேண்டும், அவர்களுக்கு உங்கள் முகம் பிடிக்க வேண்டும், இத்தனை காலம் விற்கமாட்டேன் என்று சிலவேளை கையெழுத்தும் வைக்க வேண்டும். கிடைக்காமல் திரும்பியவன், கிடைத்தவனிடம் போய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவான். அதிலும் உச்ச விலை, யாரும் ஓட்டாத காருக்கு. ஆசனத்துப் பொலித்தீன்கூடக் கழற்றாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதைக் கேட்டு வெள்ளைக்காரனுக்கு விசர் என்று சிரிக்க வேண்டாம். நம் நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் என் மைத்துனர், அதாவது மனைவியின் சகோதரர், என்ன செய்தார்? பத்து வருடம் நெல்மூட்டையும் கலியாணத்து ஆட்களும் ஏற்றிய வேனை, வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றார். அதன் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கப்பல் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். மீண்டும் வாகனங்கள் வந்து இறங்கத் தொடங்கியதும் அதை வாங்கின ஆள் மைத்துனரைக் கண்டால் சலாம் சொல்லாமல் போகிறாராம்.

காணியும் அப்படித்தான். நம் பக்கம் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு பாயளவு நிலம். அதற்குள் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சீதனமா என்று முகம் சுளிப்பார்கள். நான் விடுவதில்லை. எங்கள் பக்கம் ஆண்தான் கலியாணம் முடித்து வீடு மாறிப் போகிறவன், வீடு பெண்ணின் பெயரில், கோபம் வந்தால் வெளியே போக வேண்டியவன் அவன்தான், உங்கள் ஊரில் எப்படி என்று திருப்பிக் கேட்பேன். ஒலுவிலில் பிறந்த நான் கல்முனைக்குடியில் மனைவி ஜெஸீமாவின் வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு போனவன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தாய்வழியாக வருகிற குடியும் அவளுக்கு வேறு, எனக்கு வேறு.

அதனால்தான் ஸஹ்ராவுக்குப் பதினொரு வயதிலேயே, ஜெஸீமாவின் சொந்தங்கள் இருக்கிற அதே சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், காணி வாங்கி, உறுதிப் பத்திரத்தை அவள் பெயரில் எழுதி, மேல்மாடியோடு வீடு கட்டினேன். கட்டி முடித்ததும் பூட்டினேன். கதவுப் பிடிகளில் பொலித்தீன் இருந்தது. குசினியில் அடுப்பு மூட்டவில்லை. மாதம் ஒருமுறை மைத்துனர் திறந்து கூட்டச் செய்து படம் அனுப்புவார். நான் கொட்டகையில் கார்களுக்கு நடுவே நின்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மகள் கலியாணம் முடித்து முதல் ஆளாக உள்ளே போக வேண்டும், புது வீடு புது வீடாகவே இருக்க வேண்டும். இந்தக் கதை நடக்கும்போது என் மகளுக்கு இருபத்தொரு வயது தாண்டியிருந்தது. அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க எனக்கோ ஜெஸீமாவுக்கோ தோன்றவில்லை.

3

இனி, எழுதக் கூசுகிற பகுதி.

ஒலுவில் பக்கம் கடல் கரையைத் தின்னும் கதை உங்களுக்குத் தெரியும். றிஸ்மியாவுக்கு எங்கள் வாப்பா கொடுத்த வீடு கடற்கரையோடு இருந்தது. முதலில் தென்னைகள் போயின. பிறகு மதில். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மாரி மழைக்குள் அவள் தன் காக்காவுக்கு, அண்ணனான எனக்கு, தொலைபேசி எடுத்தாள். அவளுடைய கணவர் கடலுக்குப் போகிறவர், இரண்டு பெண்பிள்ளைகள்.

"காக்கா, கடல் கிணத்தடிக்கு வந்திட்டு. இனி புள்ளைகளோட இஞ்ச இரிக்கேலா. மாரி முடியுமட்டும் ஸஹ்ராட ஊட்டுல இரிக்கட்டா? கீழ் அறை மட்டும் போதும்."

நான் உடனே பதில் சொன்னேன். யோசித்துச் சொன்னேன் என்றாவது இருந்திருக்கலாம்.

"றிஸ்மியா, அது புது ஊடு. ஆள் இருந்து அடுப்பெரிஞ்சா, நாளைக்கு மாப்பிள்ள ஊட்டாக்கள் பழைய ஊடு எண்டு செல்லுவாங்க. அதோட அது ஜெஸீமாட ஆக்கள்ற ஒழுங்கை. நாம வேற குடி. நான் வேற ஏதும் பாக்கன்."

"ஓம் காக்கா" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, ஏசவில்லை. வாடகைக்கு இரண்டு அறை எடுத்துப் போனார்கள். அந்த மாரியிலேயே கடல் குசினியை எடுத்தது. நான் பார்க்கிறேன் என்று சொன்ன "வேற ஏதும்" கடைசிவரை வரவில்லை. பெருநாளைக்கு நான் எடுத்தால் கதைப்பாள். தானாக எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வேலை கூடிவிட்டது, அதனால்தான் எடுப்பதில்லை என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

மனம் எப்படி மாறியது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிழவர் மாற்றினார். அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை, என்னை அவருக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது.

கூரை போடும் தொழிலில் ஏணியில் ஏறி இறங்கிப் பணக்காரரானவர். கொட்டகையில் எட்டு வருடமாக அவருடைய சிவப்புக் கார் நின்றது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்தது, எத்தனையாவது என்று உள்ளே ஒரு சின்னத் தகடு. அந்தக் கார் தரப்படும் என்று கொம்பனி அனுப்பிய கடிதத்தைச் சட்டம் போட்டு வைத்திருப்பதாக எனக்குச் சொல்லியிருக்கிறார். வருடம் ஒருமுறை வருவார், துணியை விலக்கச் சொல்வார், சுற்றி நடப்பார், போவார்.

போன வருடத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் அதே கொம்பனி, கிட்டத்தட்ட அதே காரை, கூரை மட்டும் திறக்கிற மாதிரி மாற்றி, மேலும் செய்யப்போகிறோம் என்று அறிவித்தது. அந்தக் கிழமையே பழைய காரின் விலை சரிந்தது. கார் அசையவே இல்லை, ஒரு கீறல் இல்லை, ஆனால் விழுந்துவிட்டது. எங்கள் முதலாளியின் தொலைபேசி காலையிலிருந்து ஓயவில்லை. இப்படி நடந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் வழக்கு என்பார்கள். இந்தக் கிழவர் ஒரு பகல் பொழுதில் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இதை வெளியே எடுத்து ஓட்ட முடியுமா?" என்றார்.

முடியாது. டயர் வயதாகி இறுகிவிட்டது, ரப்பர்கள் காய்ந்துவிட்டன, எரிபொருள் பழசு. நிற்கிற காரும் கெட்டுத்தான் போகும், மெதுவாக, பார்க்க அழகாக. ஒரு கிழமை தந்தால் தயார்செய்யலாம் என்றேன்.

"தயார்செய்தும் பிரயோசனம் இல்லை, நான் ஓட்ட முடியாது" என்றார். கண் பார்வை குறைந்து அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டார்களாம். பஸ்ஸில் வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பிறகு சொன்னார்: "என் மனைவி ஒரேயொரு தடவை கேட்டாள். இதில் கடற்கரைக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாமா என்று. மைல் கூடிவிடும் என்று சொன்னேன்."

மனைவி இறந்து இரண்டு வருடம். அவர் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தார், பொலித்தீனின் மேலேயே. வாய்விட்டு அழுதார். கார் விலை விழுந்ததற்கு அழுகிறார் என்று எங்கள் முதலாளி நினைத்தார், அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரும்படி என்னிடம் சொன்னார். நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பவில்லை. பின்பக்கம் போய் நின்றேன். மாரி முடியுமட்டும், கீழ் அறை மட்டும் போதும் என்றது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்று விளங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிவைத்த ஒரு பொருளின் விலை அந்தப் பொருளுக்குள் இல்லை. கேட்டும் கிடைக்காமல் வாசலில் நிற்கிற ஆட்கள்தான் அந்த விலை. என் வீட்டு வாசலில் நின்ற ஆள் என் கூடப்பிறந்தவள்.

5

அடுத்த ஞாயிறு மகள் சாப்பிட வந்தாள். அவள் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இது எங்கள் வீட்டில் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே றிஸ்மியா கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன்.

அவள் கரண்டியை வைத்தாள். "மாமியின் வீட்டைக் கடல் எடுத்தபோது ஒரு முழு வீடு காலியாக இருந்ததா?"

"ஓம்."

"என் பெயரிலா?"

"ஓம்."

"அப்படியென்றால் இல்லை என்று சொன்னது நான். நீங்கள் என் பெயரால் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் மாமி என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?"

நான் அதை அந்தப் பக்கமிருந்து ஒருபோதும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் நின்று நாங்கள் கூட்டாகக் கவலைப்படுவோம். அன்றைக்கு, கைவிட்டுப் போனவன் நான்தான், அவள் மாமியோடு நிற்கிறாள் என்று தெரிந்தது.

ஜெஸீமா எழுந்து கோப்பைகளை எடுத்தாள். நான் அவளுக்குத்தான் பயந்தேன். அந்த ஒழுங்கை அவளுடையது, அந்த வழக்கமும் பெண்களுடையது. வேறு குடிப் பெண்ணை, அதுவும் புருசனின் தங்கச்சியை, மகளுக்குக் கட்டிய வீட்டில் வைப்பதா என்று நாளைக்குக் கேட்கப்போவது அவளைத்தான். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"என்ட உம்மா எனக்கும் ஒரு ஊடு தந்தா. அத பூட்டிப் போட்டு இஞ்ச வந்து பதினாறு வரிசமா வாடகைக்கு இரிக்கன். ஊடு பொம்புளைக்குக் கால் எண்டு நான்தான் எல்லாருக்கும் செல்ற. கால் இல்லாம நிக்கிறது ஒங்கட தங்கச்சி. எடுங்க ஃபோன."

6

எடுத்தேன். ஊரில் மஃரிப் தொழுகை முடிந்த நேரம். விசயத்தைச் சொன்னதும் றிஸ்மியா அழுவாள், நன்றி சொல்வாள் என்று உள்ளூர நினைத்திருந்தேன். அவள் என் தங்கச்சி என்பதை மறந்துவிட்டேன்.

"காக்கா, சும்மா வந்து இரி எண்டா வரமாட்டன். ஸஹ்ராக்கு மாப்பிள்ள வந்தா எழும்பு எண்டு செல்லுவீங்க. ரெண்டு தரம் எழும்ப எனக்கேலா. எழுதித் தாங்க. நான் மவுத்தாகுமட்டும் என்னை எழுப்பேலா எண்டு எழுதுங்க."

"சரி, எழுதுறன்."

"நீங்க எப்பிடி எழுதுவீங்க? ஊடு ஒங்கடயில்லயே. ஊட்டுக்காரி என்னட்டக் கேக்கட்டும்."

ஸஹ்ரா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுடைய தமிழ் நான்கு வயதுப் பிள்ளையின் தமிழ், மரியாதைப் பன்மையெல்லாம் கிடையாது. "மாமி, நான் ஸஹ்ரா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நீ என்ட ஊட்டுக்கு வா. எப்பயும் இரி." அந்தப் பக்கமிருந்து "வாறன் மகள்" என்று கேட்டது.

சீவிய உரித்து என்று அதற்குப் பெயர். உரிமை ஒருவருக்கு, உயிரோடு இருக்குமட்டும் அனுபவிப்பது இன்னொருவருக்கு. அதை ஊரில் மகளுக்காகக் கையெழுத்திட ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுக்க வேண்டும். அதற்காக இங்கேயுள்ள நம் நாட்டுத் தூதரகத்துக்கு மூன்று முறை போனோம். முதல் முறை படம் சரியில்லை. இரண்டாம் முறை அவளிடம் தேசிய அடையாள அட்டை இல்லை, எடுக்கிற வயதில் அவள் இங்கே இருந்தாள். மூன்றாம் முறை ஒரு வயதான உத்தியோகத்தர் கடதாசியை முழுவதும் வாசித்துவிட்டு, மிக அன்பாக, "மகள், இதை எழுதினால் அந்தச் சொத்தின் விலை விழுந்துவிடும், யாரும் வாங்கமாட்டார்கள், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எவ்வளவு விழும்?" என்று ஸஹ்ரா கேட்டாள்.

"நிறைய விழும்."

"நல்லது" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள். என் மகள் இந்த நாட்டில் படித்ததற்கு நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது. பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மைத்துனர்தான் ஆறவில்லை. "மச்சான், ஆள் இருந்த ஊட்டுக்கு எந்த மாப்பிள்ள வருவான்?" என்றார். ஆள் இல்லாத வீட்டைத் தேடி வருகிறவன் என் மகளைத் தேடி வருகிறவன் இல்லை, அவன் வராமல் இருப்பது நல்லது என்றேன். "நம்மட குடிக்கு வெக்கம்" என்றார். கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவளை மூன்று வருடம் வாசலுக்கு வெளியே வைத்தபோது வராத வெட்கம் இப்போது வர வேண்டாம் என்றேன். அந்த அழைப்பு அதோடு முடிந்தது. இப்போது நேற்றிலிருந்து தரகர் மூலம் கதைக்கிறார் போலிருக்கிறது. தரகருக்கும் இதுவே பதில். வீடு விற்பனைக்கு இல்லை, அதன் விலையை எனக்கு யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

7

இந்த ஓகஸ்ட்டில் ஊருக்குப் போனேன். நான் கட்டிய வீட்டின் கேற்றடியில் நின்று சலாம் சொல்லி, உள்ளே வரச் சொல்லுமட்டும் காத்திருந்தேன். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முன்பக்கம் கொடி கட்டி உடுப்புக் காய்ந்தது. சுவரில் ஆணிகள், பிள்ளைகளின் பாடசாலை நேரசூசி, மாப்பிள்ளைக்கென்று கட்டிய மேல் அறையில் தையல் மெசின். மாடிப்படிக்கு அடியில் வலை.

றிஸ்மியா தேநீர் ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வந்ததைச் சொன்னேன்.

"றிஸ்மியா, அண்டைக்கு நான் செஞ்சது பிழை."

"ஓம், பிழைதான்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அண்டைக்கு ஃபோன வெச்சிட்டு இரிக்கக்குள்ள புள்ளைகள் கேட்டதுகள், மாமா என்ன சென்னாரு எண்டு. மாமாட ஃபோன் வேலை செய்யல்ல, கதைக்கக் கிடைக்கல்ல எண்டு பொய் சென்னன். மூணு வரிசமா அப்பிடித்தான் செல்லியிரிக்கன். அதுகளுக்குத் தெரியா, நான் செல்லவும் மாட்டன். ஆனா நான் மறக்கமாட்டன் காக்கா."

"மறக்காத" என்றேன்.

அப்போது மூத்தவள் பாடசாலையால் வந்தாள். புத்தகப் பையை வைத்துவிட்டு, நெடுநாள் காணாத மாமாவுக்குச் சலாம் சொல்லிக் கைகொடுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, ஒங்கட ஃபோன் இப்ப வேலை செய்யுதா?"